எம்ஜிஏ 1500: முன் இடது சக்கரம் மட்டும் பிரேக் விடமாட்டேங்குது. ஸ்லீவ் போடவா, புதுசு வாங்கவா?

முகப்புத்திண்ணை | ஞாயிறு, இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். ஊரு கோட்டையூர். வண்டி 1958 எம்ஜிஏ 1500, இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், ரெண்டு சீட்டு, வலது கை ஸ்டியரிங். எங்க ஐயா (அப்பாவைப் பெத்தவுக) மெட்ராஸ்ல இருந்தப்ப, தோட்டக் கம்பெனி வேலைய முடிச்சுக்கிட்டுக் கப்பலேறுன வெள்ளைக்காரர் ஒருத்தர்கிட்ட வாங்குனது. ஐயாவுக்கப்புறம் இருபது வருசத்துக்கு மேல கார் கொட்டகையில தார்ப்பாய் போத்திக் கிடந்துச்சு. வண்டி மேலயே விசேஷத்துக்கு எடுக்குற அண்டா, ஜமுக்காளம் எல்லாம் அடுக்கியிருந்தாக. மூணு வருசமா கொஞ்சங்கொஞ்சமா உசுரு குடுத்துக்கிட்டு வர்றேன். எஞ்சின் தங்கமா ஓடுது. பிரேக்குதான் பாடாப் படுத்துது.

சங்கதி இதுதான். கெளம்பி மூணு நாலு கிலோமீட்டர் போனதும் வண்டி கனக்க ஆரம்பிக்குது, இடது பக்கமா இழுக்குது. எறங்கிப் பார்த்தா முன் இடது டிரம்முல கை வைக்க முடியல. தண்ணி தெளிச்சா தோசைக்கல்லு மாதிரி சுர்ருங்குது. ஓரங்கட்டி அரை மணி நேரம் விட்டா தானா லேசாயிருது. ஓட்டுனா திரும்பவும் அதே கதை.

மெக்கானிக் ரெண்டு தடவை, சக்கரத்துல ஷூவைத் தள்ளுற வீல் சிலிண்டருக்குக் கிட்டு (உள் ரப்பர் செட்டு) மாத்திட்டாரு. டிரம்மை உள்ள இருந்து அழுத்துற ஷூவையும் நல்லாத் தளர்த்திட்டாரு. ஒரு மாத்தமும் இல்ல. போதாக்குறைக்கு பிரேக் ஆயிலும் வாரத்துக்கு ஒரு விரக்கடை குறையுது, கீழ ஒரு சொட்டுக் கூட இல்ல.

இப்ப லேத்துக்காரர் "எல்லா சிலிண்டரையும் குடுங்க, பித்தளை ஸ்லீவ் போட்டுத் தர்றேன்"ங்குறாரு, அதாவது தேஞ்ச துளைக்குள்ள ஒரு உள்குழாய். சிங்கப்பூர்ல இருக்குற சித்தப்பா மகன் "மொத்தத்தையும் தூக்கிப் போடு, இங்கிலாந்துல இருந்து புது செட்டு எறக்குவோம்"ங்குறான். பெரியப்பா "ஐயா கைபட்ட சாமான் ஒண்ணு கூட வாசப்படி தாண்டப்படாது"ன்னுட்டாக. வண்டி மூணு பங்காளிக்கும் பொது. அதனால நான் ஒத்தையா முடிவெடுக்க முடியாது.

அஞ்சு வாரத்துல அப்பச்சிக்கு (எங்க அப்பாவுக்கு) எழுபது வயசு பீமரத சாந்தி. அன்னிக்கு அப்பச்சியையும் ஆத்தாளையும் இதுல உக்கார வச்சுப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப் போகணும்னு ஆசை. என்ன செய்யலாம், சொல்லுங்க.

---

தேவகோட்டை ரஸ்தா | ஞாயிறு, இரவு 9.32

இதுக்கு எதுக்கு தம்பி இங்கிலாந்து? உங்க எம்ஜிஏ 1500 எஞ்சின் 1489 சிசி. நம்ம அம்பாசிடர்ல இருந்ததும் அதே 1489 சிசி பி-சீரீஸ் குடும்பம்தான். பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டர், அம்பாசிடருக்கு உள்ளது, மதுரையில கடைக்குக் கடை தொங்குது. ஒண்ணை வாங்கி மாட்டிவிட்டுப் போய்க்கிட்டே இருங்க.

---

பள்ளத்தூர்ப் பொண்ணு | ஞாயிறு, இரவு 10.05

எஞ்சின் ஒரே குடும்பம்னா பிரேக்கும் ஒரே குடும்பம்னு யார் சொன்னா? பங்காளி வீட்டுச் சாவி நம்ம வீட்டுப் பூட்டுக்குச் சேருமா?

சும்மா சொல்லலை, கணக்குப் போட்டுப் பாருங்க. 7/8 அங்குலத் துளை இருக்குற மாஸ்டருக்குப் பதிலா முக்கால் அங்குலத் துளை போட்டோம்னு வைங்க. 0.875ஐ 0.75ஆல வகுத்து வர்க்கம் எடுத்தா 1.36. அதே மிதிக்கு 36 சதவீதம் கூடுதல் அழுத்தம் கிடைக்கும், பெடல் லேசா இருக்கும், "ஆகா"ன்னு தோணும். ஆனா அதே அளவு ஆயிலைத் தள்ள பெடல் 36 சதவீதம் கூடுதல் தூரம் கீழ போகணும். ஷூ கொஞ்சம் தேஞ்சதும் பெடல் பலகையில முட்டி நிக்கும், வண்டி நிக்காது. பெரிய துளை போட்டா இதுக்கு நேர் எதிர்: பெடல் கல்லு மாதிரி இருக்கும், நின்னு மிதிக்கணும்.

அதுக்கும் மேல, எம்ஜிஏவுல மாஸ்டர் ஒத்தை சிலிண்டரே கிடையாது. ஒரே வார்ப்புல ரெண்டு துளை, ஒண்ணு பிரேக்குக்கு, ஒண்ணு கிளட்ச்சுக்கு. மேல ஆயில் தொட்டி ரெண்டுக்கும் பொது. அம்பாசிடர் மாஸ்டரை அங்க எப்படி மாட்டுவீங்க, கயிறு கட்டியா?

---

தேவகோட்டை ரஸ்தா | ஞாயிறு, இரவு 10.11

சரி சரி, வாபஸ். ரெட்டைத் துளை விஷயம் எனக்குத் தெரியாது.

---

பழைய லேத்து | திங்கள், காலை 6.20

தம்பி முகப்புத்திண்ணை, நான் புதுக்கோட்டை. நாப்பது வருசம் லேத்துல நின்ன ஆளு, இப்ப மகன் பார்க்குறான். ஸ்லீவ் போடுறதுதான் எனக்குச் சோறு போட்டுச்சு, இருந்தாலும் சொல்றேன்: இப்ப ஒண்ணையும் லேத்துக்குக் குடுக்காதீங்க.

நோயை இன்னும் கண்டுபிடிக்கவே இல்ல, அதுக்குள்ள ஆபரேசனா? நீங்க எழுதுனதுலயே பாதி விடை இருக்கு. இடது சக்கரம் மட்டும் பிடிக்குதுன்னீங்க. மாஸ்டர்ல கோளாறுன்னா வலதும் சேர்ந்து பிடிக்கணும், ரெண்டுக்கும் ஆயில் ஒரே இடத்துல இருந்துதானே போகுது? அப்ப கோளாறு இடது பக்கத்துக்குன்னு பிரியுற எடத்துக்கு அப்புறம் இருக்கு. அங்க இருக்குறது மூணே மூணு: ரப்பர் ஹோஸ், வீல் சிலிண்டர், ஷூவும் அதை இழுக்குற ஸ்பிரிங்கும்.

வண்டியை ஓட்டி, சக்கரம் பிடிச்ச நிலையிலேயே ஓரங்கட்டுங்க. ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரம் கையால சுத்தலேன்னு உறுதி பண்ணிக்கங்க. ஆறுறதுக்குள்ள செய்யணும், ஆறிட்டா விட்டுரும், ஒண்ணும் தெரியாது. மொதல்ல சேசிஸ் பக்கம், ஹோஸும் இரும்புக் குழாயும் சேர்ற நட்டைக் கால் சுத்து தளர்த்துங்க. சக்கரம் விட்டுருச்சுன்னா அடைப்பு அதுக்கு முன்னாடி இருக்கு. விடலேன்னா நட்டை மூடிட்டு, சக்கரத்துப் பக்கம் ஆயில் வெளியேத்துற நிப்பிளைத் திறங்க. ஆயில் சர்ருன்னு பீச்சி சக்கரம் விட்டுருச்சுன்னா குத்தவாளி ஹோஸ். நிப்பிளைத் திறந்தும் விடலேன்னா சிலிண்டர்ல பிஸ்டன் இறுகியிருக்கு, இல்ல ஸ்பிரிங் செத்திருக்கு.

ஒரு ஸ்பேனர், ஒரு கண்ணாடிப் பாட்டில், துண்டு ட்யூப். செலவு பூஜ்யம். ஆயில் சூடா இருக்கும், முகத்தைத் தள்ளி வச்சுக்கங்க. பெயிண்ட்ல பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க, இல்லேன்னா தோலு உரிஞ்சு வரும்.

---

முகப்புத்திண்ணை | திங்கள், இரவு 8.45

அண்ணே, காலையில நீங்க எழுதுனதைப் படிச்சதுமே கெளம்பிட்டேன், ரோட்டுல ஆள் இல்லாத நேரம். நாலாவது கிலோமீட்டர்ல வழக்கம் போலப் பிடிச்சுச்சு. புளியமரத்தடியில ஜாக்கி போட்டேன். நடக்கப் போனவுக ரெண்டு பேரு நின்னு வேடிக்கை பார்த்தாக, ஒருத்தர் டார்ச் பிடிச்சாரு.

சேசிஸ் பக்கம் நட்டைத் தளர்த்துனேன். ரெண்டு சொட்டு கசிஞ்சுச்சு, அவ்வளவுதான். சக்கரம் அசையல. மூடிட்டு நிப்பிளைத் திறந்தேன். பாட்டிலுக்குள்ள அப்படியே பீச்சியடிச்சுச்சு, உள்ள இருந்து "டக்"னு ஒரு சத்தம், சக்கரம் ராட்டினம் மாதிரி சுத்துது!

ஆக ஹோஸ். ஆனா அண்ணே, எனக்கு நம்பவே முடியல. வெளிய பார்த்தா ஒரு வெடிப்பு இல்ல, கசிவு இல்ல, புதுசு மாதிரி இருக்கு. சத்தியமா நான் கடைசியா சந்தேகப்படுற சாமான் அது.

---

பழைய லேத்து | செவ்வாய், காலை 6.05

வெளிய நல்லாத்தான் இருக்கும். ஹோஸ் உள்ளுக்குள்ள ஒரு ரப்பர் குழாய், அதைச் சுத்தி நூல் பின்னல், அதுக்கு மேல இன்னொரு ரப்பர். நாம பார்க்குறது மேல் ரப்பரை மட்டும். வயசாகி உள் ரப்பர் உப்புது, இல்லேன்னா செதில் மாதிரி கிளம்புது. நாம மிதிக்கும்போது பெடல் அழுத்தம் பெருசு, செதிலைத் தள்ளிக்கிட்டு ஆயில் உள்ள போயிருது. காலை எடுத்ததும் திரும்பி வர ஷூ ஸ்பிரிங் மட்டுந்தான் தள்ளுது, அந்தப் பலம் பத்தல. செதில் கதவு மாதிரி சாத்திக்குது. சிக்குன ஆயில் சூட்டுல விரிஞ்சு இன்னும் இறுக்குது. ஆறுனதும் மெல்லக் கசிஞ்சு திரும்புது. உங்க அரை மணி நேரக் கணக்கு அதுதான்.

மாத்துறப்ப இடது மட்டும் மாத்தாதீங்க. முன்னாடி ரெண்டு, பின் ஆக்சிலுக்குப் போறது ஒண்ணு, மூணையும் மாத்துங்க. ஒரே வயசுப் பிள்ளைக, ஒண்ணுக்கு வந்தது மத்ததுக்கும் வரும். கழட்டுறப்ப ஹோஸை நேராப் பிடிச்சுத் திருகிராதீங்க. மொதல்ல இரும்புக் குழாய் நட்டு, அடுத்து ஹோஸ் தலையை அசையாமப் பிடிச்சுக்கிட்டு பிராக்கெட் நட்டு, கடைசியாத்தான் சிலிண்டர் பக்கம். புதுசு மாட்டுறப்ப செப்பு வாஷர் புதுசு. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் ஒடிச்சு, டயர்லயோ சேசிஸ்லயோ ஹோஸ் உரசுதான்னு பாருங்க. கையால நாலு மரை சுலபமா ஏறலேன்னா அது அந்த வண்டி மரை இல்ல, ஸ்பேனர் போட்டு ஏத்தாதீங்க.

---

கிள்ளான் வாசி | செவ்வாய், காலை 9.50

மலேசியாவில் இருந்து எழுதுகிறேன், பூர்வீகம் ஆத்தங்குடி. என்னிடம் எம்ஜிஏவுக்கு அடுத்து வந்த எம்ஜிபி இருக்கிறது, முன்னால் டிஸ்க் வைத்தது, அதனால் சிலிண்டர் விஷயத்தில் வாய் திறக்க மாட்டேன். ஹோஸ் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பழைய வண்டிக்கென்று ஒரு கடை ரொம்ப மலிவாக ரப்பர் ஹோஸ் அனுப்பியது. பதினெட்டு மாதத்தில் இதே நோய் எனக்கும் வந்தது. புதுசு என்பதால் நானும் கடைசியாகத்தான் அதைச் சந்தேகப்பட்டேன். வாங்கும்போது ஹோஸில் தயாரித்த தேதி அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். கடை அலமாரியில் பத்து வருஷம் தூங்கியது புதுசு ஆகாது.

தம்பி, சிங்கப்பூர்த் தம்பியைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். தூரத்தில் இருப்பவனுக்குப் பணம் அனுப்புவது ஒன்றுதான் கையில் இருக்கும் ஸ்பேனர்.

---

பள்ளத்தூர்ப் பொண்ணு | செவ்வாய், மதியம் 1.15

ஹோஸ் சரி. ஆயில் குறையுறதை எல்லாரும் மறந்துட்டீங்களே. கீழ சொட்டு இல்லாம குறையுதுன்னா அது எங்கயோ சேருது. அண்ணே, பெடலுக்கு மேல, மாஸ்டரோட பின்பக்கத்து ரப்பர் உறையை விரலால விலக்கிப் பாருங்க. பிரேக் பக்கம், கிளட்ச் பக்கம் ரெண்டையும். உள்ள ஈரம் இருக்கவே கூடாது. தொட்டி ஒண்ணா இருக்குறதுல ஒரு ஆபத்து இருக்கு: கிளட்ச் பக்கம் ஒழுகி ஆயில் தீர்ந்தாலும் பிரேக்கும் சேர்ந்து போகும். போதாததுக்கு பிரேக்கு நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன். இந்தக் காலத்து வண்டி மாதிரி ரெண்டு தனித்தனி சர்க்யூட் கிடையாது.

---

முகப்புத்திண்ணை | புதன், இரவு 9.30

பள்ளத்தூர் ஆச்சி வாக்கு பலிச்சுருச்சு. உறையை விலக்குனதும் உள்ள இருந்து கறுப்பா, மை மாதிரி ஆயில் விரல்ல வழிஞ்சுச்சு. ரெண்டு பக்கமும். பெடல் பொட்டிக்குள்ள பெயிண்ட் மொத்தமும் உரிஞ்சு கிடக்கு. கார்ப்பெட்டுக்குக் கீழ சேர்ந்ததால தரையில தெரியல.

மாஸ்டரை இறக்கிப் பிரிச்சேன். மூடியைத் திறந்தா தொட்டியோட அடியில ஒரு வண்டல், பழங்காலத்து ஊறுகா ஜாடி அடி மாதிரி. பிஸ்டன் ரப்பர் எல்லாம் வெள்ளைப்பணியாரம் கணக்கா உப்பிப் போயிருக்கு. துளைக்குள்ள டார்ச் அடிச்சா கீழ்ப்பக்கம் வரிசையா குழி. நகத்தை வச்சு இழுத்தா மாட்டுது.

---

உப்பும் துருவும் | வியாழன், காலை 11.00

காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறந்த நிலையம். துரு எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்பதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் இத்தனை பேர் குடியிருக்கும் ஊரில், இருபது வருஷம் ஒரு வண்டியை ஆயில் மாற்றாமல் விட்டிருக்கிறீர்கள்!

குழி கீழ்ப்பக்கம் மட்டும் வரிசையாக இருப்பதைக் கவனித்தீர்களா? சாதாரண பிரேக் ஆயில் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் வகை. அது காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். பிரேக் ஆயிலின் தரத்தை டாட் எண்ணால் சொல்வார்கள்: டாட் 4 புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்தபின் அது 155 என்று இறங்கிவிடுகிறது. டாட் 3க்கு அது 205, 140. ஓடும் வண்டிக்குக் கொதிநிலை கவலை. நிற்கும் வண்டிக்கோ அந்த ஈரம் வார்ப்பிரும்பைத் தின்பதுதான் கவலை. துருவைத் தடுக்க ஆயிலில் சேர்த்திருக்கும் மருந்தும் காலப்போக்கில் தீர்ந்துவிடும். பிறகு பிஸ்டன் அசையாமல் நிற்கும் இடத்தில் அடிப்பக்கமாகத் துரு குழி பறிக்கும்.

ரப்பர் உப்பியதற்குக் காரணம் வேறு. ஈரம் ரப்பரை இப்படிச் செய்யாது. யாரோ ஒருவர் எப்போதோ எஞ்சின் ஆயிலோ மண்ணெண்ணெயோ உள்ளே விட்டிருக்கிறார், அல்லது பெட்ரோலில் கழுவியிருக்கிறார். பிரேக் ரப்பருக்குக் கனிம எண்ணெய் விஷம். அப்படியானால் அந்த ஆயில் பட்ட ரப்பர் அத்தனையும், வீல் சிலிண்டர் கிட் உட்பட, மாற்ற வேண்டும். குழாய்களை ஸ்பிரிட் விட்டு அலசி, காற்றடித்துக் காயவிடுங்கள். உங்கள் ஹோஸ் கெட்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

---

முகப்புத்திண்ணை | வியாழன், மதியம் 2.40

ஐயா, மெக்கானிக்கைக் கேட்டேன். போன கோடையில பிரேக் ஆயில் கைவசம் இல்லாதப்ப "கொஞ்சம் வேற ஆயில்" விட்டதா ஒத்துக்கிட்டாரு. பெட்ரோல்ல கழுவுனதும் அவருதான். நல்ல மனுசன், எஞ்சின்ல கைகாரர். இதுல மட்டும் கோட்டை விட்டுட்டாரு.

சரி, இப்ப மாஸ்டருக்கு ஸ்லீவா, புதுசா?

---

கிள்ளான் வாசி | வியாழன், மாலை 4.10

எப்படியும் எல்லா ரப்பரையும் மாற்றப் போகிறீர்கள், குழாயையும் காயவைக்கப் போகிறீர்கள். இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது. சிலிக்கான் ஆயிலுக்கு, அதாவது டாட் 5க்கு மாறிவிடுங்கள். ஈரம் உறிஞ்சாது, பெயிண்டையும் தின்னாது. வருஷத்தில் நாலு நாள் ஓடும் வண்டிக்கு அதுதான் சரி.

---

பழைய லேத்து | வியாழன், மாலை 6.30

எனக்கு அது ஆகாது. பெடல் எப்பவும் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும், லைன்ல சிக்குன ஏரை எடுக்குறதுக்குள்ள தாவு தீர்ந்துரும். அவசரத்துக்கு வழியில எந்தக் கடையில கிடைக்கும்? எவனாவது தெரியாம சாதா ஆயிலை அதோட கலந்து விட்டா?

---

உப்பும் துருவும் | வியாழன், இரவு 8.00

இருவர் சொல்வதும் உண்மை. சிலிக்கான் ஈரம் உறிஞ்சாது, ஆனால் உள்ளே போன தண்ணீர் கலையாமல் சொட்டாகத் தாழ்ந்த இடத்தில் போய் உட்காரும். அங்கே மட்டும் துரு பிடிக்கும். ஒரு பெயர்க் குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன்: டாட் 5தான் சிலிக்கான். டாட் 5.1 கிளைக்கால் வகை, டாட் 4இன் சொந்தக்காரன். எண்ணைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள்.

கேட்டால், இந்த வண்டிக்கு டாட் 4 போடுங்கள் என்பேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், ஓடினாலும் ஓடாவிட்டாலும். சாந்தித் தேதியை ஞாபகம் வைத்துக்கொண்டு மாற்றினால் மறக்காது.

---

பழைய லேத்து | வெள்ளி, காலை 6.15

இப்ப ஸ்லீவ் சங்கதிக்கு வர்றேன். கொஞ்சம் நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

வீல் சிலிண்டருக்கு ஸ்லீவ் போடாதீங்க. அது தேஞ்சு போற சாமான். புதுசு கிடைக்குது, விலையும் தாங்கும். எம்ஜிஏ 1500ல முன்சக்கரம் ஒண்ணுக்கு ரெண்டு சிலிண்டர், நாலையும் புதுசாப் போடுங்க. ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னு கலக்காதீங்க.

மாஸ்டருக்கு ஸ்லீவ் போடலாம். வார்ப்பு நல்லா இருக்கு, வெளியில வெடிப்பு இல்லேன்னா அது இன்னும் அம்பது வருசம் வரும், உங்க பெரியப்பா மனசும் குளிரும். பித்தளையும் போடலாம், ஸ்டெயின்லெஸ்ஸும் போடலாம். பழைய துளையைப் பெருசாக் கடைஞ்சு, ஸ்லீவை இறுக்கமா இறக்கி, பெறகு உள் விட்டத்தைப் பழைய அளவுக்கே கடைஞ்சு ஹோன் போட்டு வழுவழுப்பாக்கணும். அளவு ஒரு நூல் கூட மாறப்படாது, ரப்பர் அந்த அளவுக்குச் செஞ்சது.

ஆளு தேறுறானா மாட்டுறானான்னு தெரியுற எடம் இனிமேதான் வருது. தொட்டியில இருந்து துளைக்கு ரெண்டு ஓட்டை இறங்குது. ஒண்ணு பெருசு. இன்னொண்ணு குண்டூசி நுழையுற அளவு. காலை எடுத்ததும் மிச்ச ஆயில் தொட்டிக்குத் திரும்புறது இந்தச் சின்ன ஓட்டை வழியாத்தான். ஸ்லீவ் இறக்குனா ரெண்டும் மூடிக்கும், திரும்பத் துளை போடணும். அதே எடத்துல, அதே அளவுல. துளை போட்டா உள் பக்கம் பிசிறு நிக்கும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா ரப்பர் உதடு ஒவ்வொரு மிதிக்கும் அது மேல போய்ட்டு வருது, பிளேடு மாதிரி சீவிரும். பிசிறை எடுக்காம குடுக்குற லேத்துக்காரர்தான் அதிகம். ஒரு பஞ்சை உள்ள விட்டு இழுத்துப் பாருங்க. நூல் மாட்டுனா திருப்பிக் குடுத்துருங்க.

பூட்டுறப்ப இன்னும் ரெண்டு. பிரேக் துளையோட கடைசியில ஒரு வால்வு உண்டு, லைன்ல கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்க. கிளட்ச் துளையில அது கிடையாது. என்கிட்ட வந்த ஒரு வண்டியில ரெண்டு பக்கமும் இருக்கட்டுமேன்னு யாரோ வால்வு போட்டுவிட்டிருந்தாக. கிளட்ச் முழுசா ஒட்டாம வழுக்கி, தட்டு கருகிப் போச்சு. அடுத்தது, பெடல்ல இருந்து வந்து தள்ளுற புஷ் ராடுக்கும் பிஸ்டனுக்கும் நடுவுல மயிரிழை இடைவெளி விடணும். இல்லேன்னா பிஸ்டன் முழுசாத் திரும்பாது, அந்தச் சின்ன ஓட்டை மூடியே கிடக்கும், நாலு சக்கரமும் பிடிச்சுக்கிட்டு நிக்கும். பெடல்ல விரல் வச்சு அசைச்சா ஒரு லேசான ஆட்டம் தெரியணும்.

---

தேவகோட்டை ரஸ்தா | வெள்ளி, காலை 7.02

அண்ணே, இதைப் படிச்சுட்டு என் டிவிஎஸ் 50ஐ ஒருதடவை தொட்டுக் கும்பிட்டேன். கயிறை இழுத்தா நிக்குது, விட்டா போகுது.

---

முகப்புத்திண்ணை | பதினைந்து நாள் கழித்து, சனி, இரவு 10.20

நடந்ததைச் சொல்றேன். பெரியப்பாகிட்ட மாஸ்டரை நியூஸ் பேப்பர் விரிச்சு முகப்புல வச்சுக் காட்டுனேன். டார்ச் அடிச்சு உள்ள குழியைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாக. "கூடு நம்மளோடது, குடல்தானே மாறுது, செய்யி"ன்னுட்டாக. ஹோஸும் வீல் சிலிண்டரும் சிங்கப்பூர்த் தம்பி அனுப்பிட்டான், கஸ்டம்ஸ் வரியையும் அவனே கட்டிட்டான். ஆக மூணு பங்காளி கையும் பட்டுருச்சு.

ஸ்லீவ் உள்ளூர் லேத்துலதான் போட்டேன், ஸ்டெயின்லெஸ். முதல் தடவை வாங்கிட்டு வந்து, அவசரத்துல பஞ்சு விட்டுப் பார்க்காம பூட்டிட்டேன். மூணு நாள் நல்லா இருந்துச்சு. நாலாம் நாள் பெடல் மெல்ல மெல்ல இறங்குது. பிரிச்சா புது ரப்பர் உதட்டுல நேர்கோடா ஒரு வெட்டு, அந்த ஓட்டை இருக்குற எடத்துக்கு நேரா! நீங்க எழுதுனதை அச்செடுத்துக் கொண்டு போய்க் காட்டுனேன். அவரு கோவிச்சுக்கல, படிச்சுட்டு உள்ள போயி, மூங்கில் குச்சியில மெல்லிசா எமரித் தாளைச் சுத்தி அரை மணி நேரம் தேய்ச்சுக் குடுத்தாரு. இப்ப பஞ்சு வழுக்கிக்கிட்டு வருது.

ஏர் எடுத்தது ஆத்தா. நெசமாத்தான். மெக்கானிக் வரல, நான் சக்கரத்துக்குக் கீழ, பெடல் மிதிக்க ஆளில்ல. மாஸ்டருக்குத் தூரமான பின் இடதுல ஆரம்பிச்சேன். "மிதி, பிடி, விடு"ன்னு நான் சொல்ல, ஆத்தா கண்டாங்கியை ஏத்திச் செருகிக்கிட்டு உக்காந்து மிதிச்சாக. நாலாவது சக்கரத்துல "இன்னும் எத்தனை மிதிடா, உலக்கை பிடிச்சிருந்தா ஒரு மரக்கா நெல்லு குத்தியிருப்பேன்"ன்னாக. பெடல் இப்ப பாதியிலேயே கல்லு மாதிரி நிக்குது.

ஷூவுக்கு லைனிங்கும் புதுசா ஒட்டியாச்சு. பழைய ஷூவைக் கழட்டுறப்ப மெக்கானிக் காத்தடிச்சுத் தூசியை ஊதப் போனாரு, தடுத்துட்டேன்.

---

உப்பும் துருவும் | சனி, இரவு 10.45

தடுத்தது மிகச் சரி. அந்தக் காலத்து லைனிங்கில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். ஊதுவதும் பெருக்குவதும் கூடாது.

---

பழைய லேத்து | ஞாயிறு, காலை 6.00

புது லைனிங் டிரம்முல முழுசா உக்காருதான்னு பார்த்தீங்களா? டிரம்முக்கு உள்ள சாக்பீஸ் தடவி, ஷூவை வச்சு லேசாத் தேய்ச்சுப் பாருங்க. நடுவுல மட்டும் வெள்ளை ஒட்டுனா வளைவு சேரல. பாதிக்கு மேல ஒட்டணும். ஷூ இடைவெளியைச் சரி பண்ணுற அட்ஜஸ்டரை, முன்சக்கரத்துல ஷூவுக்கு ஒண்ணுன்னு ரெண்டு இருக்கும், டிரம் ஓட்டை வழியா ஸ்க்ரூடிரைவர் விட்டு ஷூ தொடுற வரைக்கும் திருகி, ஒரு பல்லு பின்வாங்குங்க. ரெண்டையும் செய்யணும், ஒண்ணை மறந்தா ஒரு ஷூ மட்டும் வேலை பார்க்கும்.

---

முகப்புத்திண்ணை | அடுத்த வியாழன், இரவு 9.15

சாக்பீஸ் சோதனையில ஓரம் ஒட்டல. திரும்பக் குடுத்து வளைவைச் சரி பண்ணி வாங்கிட்டேன். இன்னிக்குக் காலையில குன்றக்குடி வழியா பிள்ளையார்பட்டி போயிட்டு வந்தாச்சு, நானும் மெக்கானிக்கும் மட்டும், வெள்ளோட்டம். குன்றக்குடியில நிறுத்தி நாலு டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன். முன் ரெண்டும் ஒரே சூடு, கை வச்சு அஞ்சு எண்ண முடியுது. பின் ரெண்டும் வெதுவெதுப்பு. பிள்ளையார்பட்டிக் குளத்தங்கரையில திரும்ப ஒருதடவை பார்த்தேன், அதே கணக்கு. உறைக்குள்ள விரல் விட்டேன், காய்ஞ்சு இருக்கு.

ஒண்ணே ஒண்ணு இடிக்குது. எங்க கொட்டகை ரோட்டை விட உயரம், சரிவுல பின்னாடியே இறக்கணும். முன்னாடி போறப்ப அவ்வளவு நல்லாப் பிடிக்குற பிரேக்கு, பின்னாடி உருளுறப்ப ரெண்டு மடங்கு மிதிச்சாத்தான் நிக்குது. இன்னிக்குத் திண்ணைத் தூணுக்கு ஒரு சாண் தள்ளி நின்னுச்சு. மறுபடியும் எதையாவது தப்பாப் பூட்டிட்டேனா?

---

பள்ளத்தூர்ப் பொண்ணு | வியாழன், இரவு 9.40

இல்லண்ணே, சரியாத்தான் பூட்டியிருக்கீங்க. முன்சக்கரத்துல ரெண்டு சிலிண்டர் இருக்குறதே ரெண்டு ஷூவும் சுத்துற திசையில போய்ச் செருகிக்கத்தான். டிரம்மே ஷூவை இழுத்து இன்னும் இறுக்கிக் குடுக்கும், அதுதான் முன்னோக்கிப் போறப்ப கிடைக்குற பலம். பின்னாடி உருண்டா அதே டிரம் ரெண்டு ஷூவையும் தள்ளிவிடும். அம்பதுகள்ல வந்த நிறைய வண்டிகள்ல இப்படித்தான் இருந்துச்சு.

சாந்தி அன்னிக்குப் பின்னாடி இறக்காதீங்க. மொத நாள் ராத்திரியே தலையை ரோட்டுப் பக்கம் பார்க்கத் திருப்பி நிறுத்திருங்க. ஹேண்ட் பிரேக் கயிறு பின்சக்கரத்துக்குத்தான் போகுது, சரிவுல அதை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே இறக்குங்க.

---

முகப்புத்திண்ணை | வியாழன், இரவு 9.52

திருப்பி நிறுத்தியாச்சு. பெரியப்பா வந்து டயருக்கு ஒரு செங்கல்லும் வச்சுட்டுப் போயிட்டாக.

---

பழைய லேத்து | வெள்ளி, காலை 5.50

அந்தப் பழைய ஹோஸைத் தூக்கிப் போட்டுறாதீங்க தம்பி. நீளவாக்குல கீறி, உள் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்க. என் மகனுக்குக் காட்டணும்.